ஏ2 பால்: 67ஆவது மணியில் என்ன இருக்கிறது?

அக்கா வீட்டு சமையல் மேடையில் அந்த நெய் பாட்டிலைப் பார்த்ததில்தான் இது ஆரம்பித்தது. கண்ணாடி பாட்டில், கழுத்தைச் சுற்றிச் சணல் கயிறு, லேபிளில் திமில் நிமிர்ந்த ஒரு மாடு, மாட்டுக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘ஏ2’. ஃப்ரிட்ஜைத் திறந்தால் அதே ‘ஏ2’ போட்ட பால் பாட்டில் இரண்டு.

“ஆறு மாசமா இதாண்டா வாங்கறேன். பாக்கெட் பால் குடிச்சா ராத்திரி பூரா வயித்துக்குள்ள கடமுடான்னு இருக்கும். இப்ப அந்தத் தொல்லையே இல்ல.”

“விலை என்னக்கா?”

“டபுளுக்கு மேல. என்ன பண்றது, உடம்பு முக்கியம்ல?”

அக்கா இல்லாததைச் சொல்கிறவள் இல்லை. வயிறு சரியானது உண்மை. எதனால் சரியானது என்பதுதான் கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் நியூசிலாந்து, ஷாங்காய், கர்னால், டெல்லி என்று ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் அக்காவின் டம்ளருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

ஒரு மணி மாறினால்

பசும்பாலில் லிட்டருக்குச் சுமார் 33 கிராம் புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். பால் திரிந்தால் கட்டியாகத் திரள்வது அதுதான். மீதி ஒரு பங்கு, திரிந்த பாலின் தண்ணீரில் தங்கிவிடும் வே புரதங்கள். கேசீனிலும் சில வகை உண்டு. நம் விவகாரத்துக்குரியது பீட்டா கேசீன். 209 அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 67ஆவது மணி ப்ரோலினாக இருந்தால் ஏ2, ஹிஸ்டிடினாக இருந்தால் ஏ1. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு மணி சும்மா இல்லை. ப்ரோலின் இருக்கும் இடத்தில் செரிமான நொதிகளுக்கு வெட்டுவது கஷ்டம். ஹிஸ்டிடின் இருந்தால் சங்கிலி அந்த இடத்தில் சுலபமாக அறுந்துவிடும். அறுந்தால் 60 முதல் 66 வரையிலான ஏழு மணிகள் தனித் துண்டாகக் கழன்று வரும். அதன் பெயர் பீட்டா காசோமார்ஃபின்-7. பெயருக்குள் மார்ஃபின் ஒளிந்திருப்பது தற்செயல் இல்லை. 1979இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கேசீனிலிருந்து இந்தக் குடும்பத்துத் துண்டுகளைப் பிரித்தெடுத்தபோது, அவற்றைச் சோதித்துப் பார்த்தது கினிப் பன்றியின் சிறுகுடலில்தான். ஓபியம் வகைப் பொருட்கள் குடலின் சுருக்கத்தை அடக்கும். இதுவும் அடக்கியது. ஆபரேஷன் முடிந்து மார்ஃபின் ஊசி போட்டவர்களுக்கு மலம் கட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

அப்படியானால் ஏ1 பால் குடித்தால் குடல் மந்தமாகும் என்று ஊகிப்பதில் தப்பில்லை. ஊகம் மட்டும்தான், இந்தக் கட்டத்தில். ஏனென்றால் இப்படிப்பட்ட துண்டுகளை நறுக்கவென்றே சிறுகுடல் சுவரில் டிபிபி-4 என்ற நொதி இருக்கிறது.

எந்த மாட்டில் எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியனில் ஏ1 தாராளம், ஜெர்சியில் அதைவிடக் குறைவு, கர்ன்சி மாட்டில் பெரும்பாலும் ஏ2. திமில் உள்ள நம் நாட்டு மாடுகள் கிட்டத்தட்ட முழுக்க ஏ2 என்று கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பின் பரிசோதனைகள் காட்டின. எருமை மொத்தமாக ஏ2. ஆக, ஊரில் எருமைப் பாலில் டீ போட்டுக் குடித்தவர்கள் எல்லாம் ஒரு பைசா கூடுதல் கொடுக்காமல் ஏ2 குடித்தவர்கள்தான். கலப்பினப் பசுவின் பால்தான் இரண்டும் கலந்தது.

நியூசிலாந்தில் கிளம்பியது

ஆக்லாந்தில் குழந்தை மருத்துவரான பாப் எலியட் 1990களில் ஒன்றைக் கவனித்தார். சமோவா தீவில் வளரும் குழந்தைகளைவிட, நியூசிலாந்தில் வளரும் சமோவா குழந்தைகளுக்கு முதல் வகை நீரிழிவு அதிகம் வருகிறது. பால்தான் காரணமோ, அதிலும் குறிப்பிட்ட கேசீன்தான் காரணமோ என்று அவர் தேட, அந்த நூலைப் பிடித்துக்கொண்டார் கோரன் மெக்லாக்லன் என்ற விஞ்ஞானி. பல நாடுகளின் ஏ1 நுகர்வையும் மாரடைப்பு மரணங்களையும் ஒப்பிட்டு 2001இல் கட்டுரை எழுதினார். அதற்கு முந்தைய வருடமே ஹோவர்ட் பேட்டர்சன் என்ற தொழிலதிபருடன் சேர்ந்து ஏ2 கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தையும் தொடங்கியிருந்தார்.

வியாபாரமாகப் பார்த்தால் அருமையான யோசனை. பாலில் எதையும் சேர்க்க வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம். மாட்டின் வால் மயிரைப் பிடுங்கி டிஎன்ஏ பார்த்து, ஏ2 மாடுகளைத் தனி மந்தையாகப் பிரித்தால் போதும்.

ஆனால் நாடுகளை நாடுகளோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் பொருத்தம் எதையும் நிரூபிக்காது. ஏ1 அதிகம் குடிக்கும் நாட்டில் வேறு ஆயிரம் விஷயங்களும் வேறாக இருக்கும். 2005இல் ஊட்டச்சத்துப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ட்ரஸ்வெல் இந்த வாதத்தை வரிவரியாகப் பிரித்துப் பார்த்து, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று எழுதினார். 2009இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், காசோமார்ஃபினுக்கும் இந்த நோய்களுக்கும் காரண காரிய உறவு நிறுவப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. மெக்லாக்லனும் பேட்டர்சனும் 2003லேயே இறந்துவிட்டார்கள். நிறுவனம் நிலைத்தது. அதன் பேச்சு மட்டும் இதயத்திலிருந்து மெல்ல இறங்கி வயிற்றுக்கு வந்தது. சொல்லப்போனால் அதுதான் கொஞ்சமாவது கால் ஊன்றக்கூடிய இடம்.

வயிற்றில் நடத்திய சோதனைகள்

2014இல் மூன்று ஆய்வுகள் வந்தன. எலிகளுக்கு ஏ1 கொடுத்தபோது உணவு குடலைக் கடக்க நேரம் பிடித்தது. ஓபியத்தின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் கொடுத்ததும் அந்தத் தாமதம் போனது. ஊகம் சொன்னபடியே நடந்திருக்கிறது. இரண்டாவது நம் கர்னாலில், தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் சுண்டெலிகளை வைத்துச் செய்தது. ஏ1 கொடுத்த சுண்டெலிகளின் குடலில் அழற்சிக் குறிகள் கூடியிருந்தன.

மூன்றாவது மனிதர்களிடம், ஆஸ்திரேலியாவில். 41 பேர், தினம் 750 மில்லி பால், இரண்டு வாரம் ஒன்று, இடையில் பால் இல்லாத ஓய்வு, அப்புறம் இரண்டு வாரம் மற்றது. எது எந்தப் பால் என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. மலத்தின் பதத்தை பிரிஸ்டல் அளவுகோலில் குறித்தார்கள். 1 என்றால் ஆட்டுப் புழுக்கை, 7 என்றால் வெறும் தண்ணீர். ஏ1 குடித்தபோது சராசரி 3.87, ஏ2 குடித்தபோது 3.56.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏ1 குடலை மந்தமாக்கும் என்றால் மலம் இறுக வேண்டும். இங்கே இளகியிருக்கிறது. எலியில் ஒரு திசை, மனிதனில் எதிர்த் திசை. இரண்டு எண்களுமே நலமான வயிற்றின் எல்லைக்குள்தான் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2016இல் ஷாங்காயில் 45 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். தினம் இரண்டு வேளை 250 மில்லி, 14 நாள். விழுங்கும் கேப்ஸ்யூல் கருவி ஒன்று குடலுக்குள் பயணம் செய்து நேரத்தைக் குறித்தது. ஏ1 கலந்த பால் குடித்தபோது வயிற்று உபாதைகள் கூடின, பயண நேரம் நீண்டது, மலத்தில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் குறைந்தன. 2017இல் 600 சீனர்களிடம் ஒரு வேளை 300 மில்லி கொடுத்துப் பார்த்ததிலும் ஏ2 பக்கம் தொந்தரவு குறைவு. மனிதர்களிடம் நடந்த இந்த ஆய்வுகளுக்குப் பணம் போட்டது ஏ2 பால் விற்கும் நிறுவனம். கட்டுரைகளிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. பணம் வந்த இடத்தைப் பார்த்தே முடிவைத் தூக்கிப் போடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் மகனுக்குப் பெண் பார்க்கப் போன அம்மாவே ஜாதகத்தையும் பார்த்துச் சொன்னால், இன்னொரு ஜோசியரிடமும் காட்டுவோம் இல்லையா?

பாக்டீரியாவின் தட்டில் விழுவது

குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்றேனே, அவை நாம் தயாரிப்பவை அல்ல. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியா, நாம் செரிக்காமல் விட்ட மாவுச்சத்தையும் நாரையும் நொதிக்க வைத்துத் தயாரிப்பவை. அதில் ஒன்றான ப்யூட்டிரேட்டுதான் பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள். அது குறைந்தது என்றால் கெட்ட செய்திபோலத்தான் இருக்கிறது. ஒரு சிக்கல் என்னவென்றால், இவற்றில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சம்தான் மலத்தில் தெரியும். பயணம் மெதுவானால் உறிஞ்ச நேரம் கூடும், மலத்தில் தெரிவது குறையும். பாக்டீரியா குறைவாகத் தயாரித்ததா, குடல் கூடுதலாக உறிஞ்சியதா என்று மலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, புரதமே பெருங்குடலுக்குப் போனால்? அங்கே அதைச் சாப்பிடும் பாக்டீரியாவும் உண்டு. புரதத்தை நொதிக்க வைத்தால் அம்மோனியா வரும். கந்தகம் உள்ள அமினோ அமிலங்களிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அழுகிய முட்டை நாற்றம் அதுதான். டைரோசினிலிருந்து பாரா-கிரெசால் வரும். அதன் வாசனை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் மழை பெய்து ஓய்ந்த மாலையில் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய் நில்லுங்கள். தொழுவ வாடையின் முக்கியப் பங்காளி அந்தச் சேர்மம்தான்.

பிரான்ஸில் உடல் பருமனான 38 பேருக்கு மூன்று வாரம் கேசீனையோ சோயா புரதத்தையோ கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 2017இல் வெளியானது. எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்ற பட்டியல் பெரிதாக மாறவே இல்லை. மாறியது அவை வெளியிட்ட பொருட்கள். அமினோ அமிலச் சிதைவின் மிச்சங்கள் கூடின. குடியிருப்பவர்கள் அதே ஆட்கள், சமையல் மட்டும் வேறு. ‘நல்ல பாக்டீரியாவைப் பெருக்கும்’ என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 200 மில்லி டம்ளர் பாலில் புரதம் ஆறரை கிராம். பால் புரதம் சுமார் 95 சதவீதம் சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்குப் போவது கால் கிராம், அதிகம் போனால் அரை கிராம். அதே டம்ளரில் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை ஒன்பது கிராமுக்கு மேல். அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவர்களுக்கு அதில் பெரும்பங்கு அப்படியே பெருங்குடலில் போய் விழும். பாக்டீரியா பாய்ந்து தின்று ஹைட்ரஜன் விடும், வயிறு உப்பும், தண்ணீரை இழுத்துக்கொண்டு பேதியாகும்.

அரை கிராமும் ஒன்பது கிராமும். வயிற்றில் கடமுடா என்றால் முதலில் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 1981இல் வெளியான ஒரு ஆய்வில், டெல்லியில் சோதித்தவர்களில் நான்கில் ஒருவர் சொச்சம்தான் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர். திருவனந்தபுரம், புதுச்சேரியில் மூன்றில் இருவர். தெற்கத்திக்காரர்கள் பாலைத் தயிராக்கி, தயிரை மோராக்கிக் குடித்ததில் வெயிலுக்கு மட்டும் பங்கு இருந்திருக்காது என்பது என் எண்ணம். உறை ஊற்றினால் லாக்டோஸில் ஒரு பகுதியை பாக்டீரியா தின்றுவிடுகிறது. மீதியை உடைக்கும் நொதியையும் அதுவே வயிற்றுக்குள் சுமந்துகொண்டு வருகிறது. உயிருள்ள தயிர் பாக்டீரியா லாக்டோஸ் செரிக்க உதவும் என்ற விளம்பர வாசகத்தை 2010இல் அந்த ஐரோப்பிய ஆணையமே ஏற்றுக்கொண்டது. இந்த விஷயத்தில் எளிதில் தலையாட்டாத இடம் அது. இன்னொன்று, தயிர் பாக்டீரியாவிடம் ப்ரோலின் பக்கமாகப் புரதத்தை வெட்டும் நொதியும் இருக்கிறது. காசோமார்ஃபின் போன்ற துண்டுகளுக்கு அங்கேயே கத்தி.

இதனால் ஏ1 கதை பொய் என்று ஆகிவிடாது. லாக்டோஸ் அளவு ஒன்றாகவே இருக்கும் இரண்டு பாலில் ஒன்று குறைவாகத் தொந்தரவு தருகிறது என்று சோதனைகள் காட்டினால், புரதத்துக்கும் ஏதோ பங்கு இருக்கலாம். குடலின் வேகத்தை மாற்றினால் லாக்டோஸ் போய்ச் சேரும் விதமும் மாறும் அல்லவா? அந்த அளவுக்கு நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் அழகான விளக்கம் இருப்பது வேறு, பலன் கிடைப்பது வேறு. பால் புரதங்களிலேயே லாக்டோஃபெரினுக்கு இருக்கும் பேர் வேறு எதற்கும் இல்லை. இரும்பைப் பிடித்துவைத்துக் கெட்ட கிருமிகளைப் பட்டினி போடும், பரிசோதனைக் கூடத்தில் ஜோராக வேலை செய்யும். பிரிட்டனில் குறைமாதத்தில் பிறந்த 2,203 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2019இல் வந்தது. பசுவின் லாக்டோஃபெரின் பெற்ற குழந்தைகளில் தொற்று 29 சதவீதம், பெறாதவர்களில் 31. வித்தியாசம் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இன்னொரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பால் புரத ஒவ்வாமை வேறு நோய். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்த பின் மலத்தில் ரத்தம், தடிப்பு, விடாத வாந்தி என்றால் ஏ2 பசும்பால் மாற்று இல்லை. அதிலும் அதே கேசீன் குடும்பம், அதே வே புரதங்கள். டாக்டரிடம்தான் போக வேண்டும்.

டெல்லியில் ஐந்து நாள்

தமிழ்நாட்டில் ஏ2 என்ற சொல் பால்காரர் வாய்க்கே வந்தது 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டித்தான். நாட்டு மாட்டைக் காப்பது என்ற நியாயமான கவலையோடு ‘நாட்டு மாட்டுப் பால்தான் நல்ல பால்’ என்பதும் ஒட்டிக்கொண்டது. காங்கேயம் மாடு அழிந்துவிடக் கூடாது என்பதற்கு அதன் பால் மருந்தாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பால் பாட்டிலில் எழுத வசதியானது மருந்துதான்.

2024 ஆகஸ்ட் 21 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, ஏ1, ஏ2 என்ற வாசகங்களைப் பால் பொருட்களின் லேபிளிலிருந்தும் இணையக் கடைகளிலிருந்தும் நீக்கச் சொல்லி உத்தரவு போட்டது. இந்த வேறுபாடு பீட்டா கேசீன் என்ற புரதத்தின் அமைப்பைப் பற்றியது, நெய் போன்ற கொழுப்புப் பொருட்களில் அதைப் போடுவது தவறாக வழிநடத்துவது என்று காரணமும் சொன்னது. அச்சடித்த லேபிள்களைத் தீர்க்க ஆறு மாதம் அவகாசம். ஆகஸ்ட் 26 அன்று, மேற்கொண்டு கலந்தாலோசிக்க வேண்டும் என்று சொல்லி உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐந்தே நாள்.

உத்தரவு போனாலும் அதில் சொன்ன காரணம் போகவில்லை. வெண்ணெய் உருக்கும்போது அடியில் பழுப்பாகக் கசண்டு தங்குமே, புரதம் அங்கேதான் போகிறது. வடிகட்டி பாட்டிலில் ஊற்றுவது கொழுப்பை. ஏ2 நெய் என்பது புரதமே இல்லாத ஒன்றுக்குப் புரதத்தின் பெயரைச் சூட்டுவது. கொழுப்புக்கும் பாக்டீரியாவுக்கும் தனிக் கதை உண்டு. 2012இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், குடல் அழற்சி வரும் இயல்புள்ள மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்குப் பால் கொழுப்பு கொடுத்தபோது பித்தத்தின் தன்மை மாறி, பைலோஃபிலா என்ற பாக்டீரியா பெருகி, அழற்சி கூடியது. அதைப் படித்துவிட்டு யாரும் நெய்யைக் கொட்ட வேண்டாம், சுண்டெலிக்கு நடந்தது அது.

மறுபடி அக்காவின் டம்ளர்

அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “முன்னாடி எவ்வளவு குடிப்ப?”

மேல் தட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அளந்து பார்த்தோம், 300 மில்லி. “இப்ப?” விளிம்பு தட்டையான சின்ன டம்ளர், 100 மில்லி. “இந்த விலைக்கு அதுல ஊத்திக் குடிக்க முடியுமா?”

300 மில்லியில் லாக்டோஸ் 14 கிராம். 100 மில்லியில் ஐந்து கிராமுக்கும் கீழே. ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தாங்குவார்கள் என்பது பொதுவான கணக்கு. அக்கா பாலை மாற்றிய அதே நாளில் டம்ளரையும் மாற்றியிருக்கிறாள்.

ஒரு வாரம் பாக்கெட் பாலைச் சின்ன டம்ளரில் குடிக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே குடித்தாள், வயிறு சத்தமே போடவில்லை. அடுத்த வாரம் ஏ2 பாலைப் பெரிய டம்ளரில். மூன்றாம் நாள் ராத்திரி பொருமல். ஆனால் அன்றைக்கு மத்தியானம் ஒரு கல்யாணச் சாப்பாடு வேறு, உருளைக்கிழங்கு போண்டா இரண்டு சாப்பிட்டதாக ஒத்துக்கொண்டாள். ஒரே ஆள், எது எந்தப் பால் என்று அவளுக்குத் தெரியும், நடுவில் போண்டா. இதை வைத்து நான் எதையும் நிரூபித்ததாகச் சொன்னால் மேலே ஷாங்காய்க்காரர்களைக் குறை சொன்னதற்கு அர்த்தமில்லை.

போன வாரம் போயிருந்தபோது ஃப்ரிட்ஜில் பாக்கெட் பால் இருந்தது. சின்ன டம்ளர் நிரந்தரமாகிவிட்டதாம். சமையல் மேடையில் சணல் கயிறு கட்டிய பாட்டில், புதுசு.

“பாலைத்தான் நிறுத்திட்டேன்ல, நெய்யாவது ஏ2 இருக்கட்டும்டா” என்று சூடான சாதத்தில் ஒரு கரண்டி விட்டாள். மணம் நன்றாகத்தான் இருந்தது.